பத்திரிகைத் தொழிலுக்கும் பட்டமா?

சென்ற வாரம் எமது காரியாலயத்திற்குக் கமக்காரர் ஒருவர் வந்தார். வலிகாமத்திற் செம்மண் தோட்டம் செய்து நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்த மகளையும் கூட அழைத்து வந்திருந்தார். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து பல்கலைக்கழகம் புகவிருக்கும் அப்பிள்ளை, ஊடகக் கற்கையைத் தன் பாடமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறாள். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. "பேப்பரிலை எழுதுறதுக்கும் ஒரு பட்டமோ, ஐயா? வாத்தியார் வேலைக்குப் படி எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ" என்றார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பாரின் வினாக்களுக்கு அக்கணமே விடையிறுத்துப் பழகிய எமக்கு அன்று நா எழவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். அந்த யோசனையின் பயனே இத் தலையங்கம்.

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. 1841 ஆம் ஆண்டு 'உதயதாரகை' யாழ்ப்பாணத்தில் உதித்தபோது அதனை நடத்தியோர் எந்தச் சர்வகலாசாலையிலும் பத்திரிகைக் கலை பயின்றவரல்லர். 1889 இல் 'இந்து சாதனம்' வெளிவந்ததும், 1920களிற் கோ. நடேசையர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளைக் கையிலேந்தி மலைநாட்டுத் தொழிலாளரின் துயரை உலகறியச் செய்ததும், 1930 இற் சுன்னாகத்தில் நா. பொன்னையா 'ஈழகேசரி'யைத் தொடக்கியதும் பட்டத்தின் துணைகொண்டன்று. அவர்களிடம் தமிழ் இருந்தது. ஊர் நலனில் அக்கறை இருந்தது. அச்சுக்கூடத்து மையில் கை தோய்ந்த பழக்கம் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மவர் சொல்வது வீணன்று.

ஆயினும் அந்தக் காலத்தை இந்தக் காலத்திற்கு அளவுகோலாக்குதல் பொருந்துமா என்பதே வினா. அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908 இற் பத்திரிகைக் கல்விக்கெனத் தனிக் கல்லூரி நிறுவியது. பத்திரிகை முதலாளியான ஜோசப் புலிற்சர் தம் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொடுத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கல்லூரி அமைக்க விரும்பியபோது முதலில் மறுப்பே கிடைத்தது. அவர் இறந்ததன் பின்னர் 1912 இலேதான் அது திறக்கப்பட்டது. சென்னைச் சர்வகலாசாலை 1947 இலேயே பத்திரிகைத் துறைக்கு இடங்கொடுத்துவிட்டது. இலங்கையிற் களனிப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக வெகுசனத் தொடர்பியலைப் போதித்து வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைத் துறை உண்டு; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே தொடர்பாடலுக்கு ஒரு பீடமே உண்டு; கொழும்பில் இதழியற் கல்லூரி மூன்று மொழிகளிலும் டிப்ளோமாப் பயிற்சி அளிக்கிறது. ஆகவே பட்டம் உண்டா என்பது கேள்வியன்று. அப்பட்டத்தால் வலிகாமத்துக் கமக்காரனுக்கும் வன்னியின் வயற்காரனுக்கும் ஆவதென்ன என்பதே கேள்வி.

அதற்கு ஒரே ஒரு வர்த்தமானியைச் சான்றாகக் காட்டுவோம்.

2025 மார்ச் 28 ஆம் திகதி அரசாங்கம் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை வெளியிட்டது. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழானது அது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் நிலத்தைக் குறித்து, மூன்று மாதங்களுள் உரித்தை நிரூபிக்காவிடின் அந்நிலம் அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுப் போரில் உறுதி எரிந்தவர் எத்தனை பேர்! இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பெட்டியோடு உறுதியைத் தொலைத்தவர் எத்தனை பேர்! கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் வாழும் உரிமையாளர் எத்தனை பேர்! அவர்களுடைய வாழ்வும் தாழ்வும் அந்த அறிவித்தலின் வரிகளுக்குள் அடங்கிக் கிடந்தன. எதிர்ப்பு எழுந்த பின்னரே அரசாங்கம் பின்வாங்கியது. உயர் நீதிமன்றமும் ஜூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. நன்று. ஆனால் அவ்வறிவித்தல் அச்சேறிய நாளன்றே அதன் பொருளை உணர்ந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? கழிந்துகொண்டிருந்தவை உரிமை கோருவதற்குக் கொடுக்கப்பட்ட நாள்களல்லவா?

வர்த்தமானி ஒளித்து வைக்கப்படும் பத்திரமன்று. எவரும் பெறலாம், எவரும் வாசிக்கலாம். எனினும் அதன் மொழி சட்டத்தின் மொழி. 'நிர்ணயம்' என்ற சொல்லைக் கண்டு நிரந்தரத் தீர்வு வருகிறதென மகிழ்வோரும் உளர். பிரிவு இலக்கத்தைக் கண்டவுடன் பழைய கட்டளைச் சட்டத்தைப் புரட்டி, காலக்கெடுவைக் கணக்கிட்டு, கிராம அலுவலரிடம் வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, மறு வாரமே ஊராரை எச்சரிக்கத்தக்க நிருபர் ஊருக்கு ஒருவர் இருந்தால் எத்துணை நன்மை! அத்தகைய நிருபர் மரத்திற் காய்ப்பதில்லை. எவரேனும் அவருக்குக் கற்பித்தாக வேண்டும்.

சந்தைச் செய்தியும் இவ்வாறே. உருளைக்கிழங்கு அறுவடை தொடங்கும் வேளையில் விலை விழுகிறது. மருதனார்மடத்திலோ திருநெல்வேலியிலோ நின்று, வாடிய முகத்துடன் மூட்டைமேல் அமர்ந்திருக்கும் கமக்காரரைப் படம் பிடித்து, 'விவசாயிகள் கவலை' என்று தலைப்பிட்டு அனுப்பிவிடுகிறார் நிருபர். கமக்காரர் கவலைப்படுகிறார் என்பது கமக்காரருக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாதது வேறு. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், இறக்குமதியாகும் கிழங்குக்கும் வெங்காயத்திற்கும் விதிக்கும் வரியை வர்த்தமானிக் கட்டளை ஒன்றினால் ஏற்றவும் இறக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. கட்டளை இரவிலே பிறக்கும். விடியுமுன் கொழும்பு மொத்த வியாபாரி அறிவார். சந்தைக்கு மூட்டை ஏற்றி வந்த பின்னரே நம்மவர் அறிவார். வரி எந்த நாளில் மாறிற்று, அந்நாளில் துறைமுகத்திற் கிடந்த சரக்கு எவ்வளவு, அது எவருடையது என்று வினவுவதே செய்தி. அங்ஙனம் வினவ 2016 ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டம் வழிவகுத்திருக்கிறது. பகிரங்க அதிகாரசபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுள் முடிவு சொல்ல வேண்டும். எழுத இயலாதோர் வாய்மொழியாகவும் கேட்கலாம். இச்சட்டத்தைக் கருவியாகக் கையாளத் தெரிந்த நிருபர் தமிழ்ப் பத்திரிகையுலகில் உளர். போதிய அளவில் இலர்.

சுன்னாகத்துக் கிணறுகளை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். மின் உற்பத்தி நிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததா இல்லையா என்பதில் நிபுணர் அறிக்கைகளே ஒன்றோடொன்று மோதின. ஓர் அறிக்கையைப் பிடித்து ஒருவர் 'நீர் நஞ்சு' என்றார்; மற்றதைப் பிடித்து மற்றவர் 'நீர் நன்று' என்றார். ஒவ்வொரு கட்சியும் தனக்கு வாய்ப்பானதைத் தூக்கிப் பிடித்தது. கிணற்றடியில் வாளியுடன் நின்ற பெண்ணுக்கு எதை நம்புவது என்று தெரியவில்லை. ஈற்றில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரிலில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. இடையிற் கழிந்த ஆண்டுகளில், மாதிரி எந்தக் கிணற்றில் எந்த நாளில் எடுக்கப்பட்டது, எந்த ஆய்வுகூடம் எந்த அளவீட்டு முறையைக் கையாண்டது என்று இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து நோக்கத்தக்க அறிவுடைய எழுத்து நமக்குத் தேவைப்பட்டது. அதனை 'அனுபவம்' மாத்திரம் தந்துவிடாது. கொஞ்சம் இரசாயனம், கொஞ்சம் புள்ளிவிபரம், கொஞ்சம் சட்டம் கற்றிருக்க வேண்டும்.

இங்கு எமது தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதிக்க வேண்டும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு, வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்க வேண்டும் என்கிறது. கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். 'ஊரெல்லாம் பேசிக்கொள்கிறார்கள்' என்பது நீதிமன்றத்திற் செல்லாது. மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பெழுதினால் அத்தீர்ப்பும் நிலையாது. சட்டக் கல்லூரிக்கு 1874 முதல் வழிவகுத்து, சட்டத்தரணியாக வருவோருக்கு இவ்விரண்டையும் மூளையில் ஏறும்வரை ஊட்டி வருகிறார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருடைய மானத்தைக் கையில் வைத்திருக்கும் நிருபருக்கு இவ்விரண்டையும் எவரும் ஊட்டாமல், முதல் நாளே பேனாவைக் கொடுத்து ஓடு என்கிறோம்.

எம்மையும் நாம் விலக்கிக்கொள்ளவில்லை. இப்பத்திரிகை ஓர் அரசியற் பத்திரிகை. அதை மறைக்க நாம் விரும்பியதில்லை. மேடையிற் பேசுவோரும் நாமே, மறுநாள் அப்பேச்சைச் செய்தியாக்குவோரும் நாமே என்ற நிலையில் எத்தனையோ வாரங்கள் கழிந்துள்ளன. கூட்டத்திற்கு வந்த நூறு பேர் எமது பக்கங்களிற் 'பெருந்திரள்' ஆனதுண்டு. எதிரணியாரைப் பற்றிச் செவிவழி வந்த செய்தியை அவரிடம் ஒரு சொற் கேளாமல் அச்சேற்றிப் பின்னர் திருத்தம் போட்டதுமுண்டு. திருத்தம் சிறிய எழுத்தில் ஆறாம் பக்கத்தில் இருந்தது. கட்சிக்காரர் விரும்புவது தவிற்காரனை, நிருபரையன்று. கல்வி கற்ற நிருபர் நம் மக்களுக்கு வேண்டும் என்று எழுதும்போது, அவர் முதலிற் கேள்வி கேட்கப்போவது எம்மைத்தான் என்பதையும் அறிந்தே எழுதுகிறோம்.

இனி, பட்டம் வேண்டும் என்று சொல்வோர் சிலர் அடுத்த அடியும் எடுத்து வைக்கின்றனர். பட்டமும் பதிவும் இல்லாதோர் பத்திரிகையில் எழுதவே கூடாது, சட்டத்தரணிகளைப் போல் அவர்களுக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். சட்டத்தரணி இன்னொருவருக்காக மன்றில் தோன்றுபவர்; அவருக்குப் பதிவு வேண்டும். பத்திரிகையாளரோ அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் உறுதிசெய்துள்ள பேச்சுரிமையை, ஏனையோரினும் சற்று உரத்த குரலிற் கையாள்பவர். அதற்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கும் கை, அதைப் பறிக்கவும் செய்யும். கொஸ்தா றிக்காவில் இத்தகைய கட்டாயப் பதிவு இருந்தபோது, அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 1985 இல் அது கருத்துச் சுதந்திரத்திற்கு முரணானது என்று கருத்துரைத்தது. பிரேசில் நாட்டில், இராணுவ ஆட்சி 1969 இற் கொண்டுவந்த பட்டக் கட்டாயத்தை அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2009 இல் நீக்கியது. அந்நாட்டிற் பத்திரிகையாளருக்குத் 'தகுதி' வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள் இராணுவத்தினர் என்பதை வாசகர் கவனிப்பார்களாக.

நமது நாட்டுக் கதையும் வேறன்று. 1973 இல் ஒரே ஆண்டில் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் வந்தது, லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசின் பிடிக்குள் கொண்டுவந்த சட்டமும் வந்தது. முன்னையதன் 16 ஆம் பிரிவு, மந்திரிசபையின் தீர்மானங்களை அனுமதியின்றி வெளியிடுவதையே குற்றமாக்கியது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தாம் எழுதிய கட்டுரைகளுக்காக ஜே. எஸ். திசைநாயகம் 2009 இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறைக்கு ஆளானார். மறு ஆண்டு மன்னிப்பு வழங்கப்பட்டது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்று நிறைவேறியது. இவற்றின் மேல் அனுமதிப் பத்திரமும் வேண்டுமாம்! பட்டம் ஊன்றுகோலாகட்டும், வாசற்படியில் நிற்கும் காவற்காரனாக வேண்டாம்.

பாடத்திட்டம் பற்றி எமக்கு ஒரு குறையுண்டு. தொடர்பாடற் கோட்பாடுகள், அவற்றை வகுத்த மேனாட்டாரின் பெயர்கள், அம்புக்குறியிட்ட வரைபடங்கள் ஆகியவற்றை மனனஞ் செய்து பரீட்சை எழுதி வெளியேறும் மாணவர் ஒரு பிரதேச சபைக் கூட்டத்தின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கத் திணறினால், குற்றம் மாணவர் மேலன்று. கோட்பாடு வேண்டாம் என்பதல்ல எம் கருத்து. க. கைலாசபதி பேராதனையிற் பட்டம் பெற்று, 1959 முதற் 'தினகரன்' ஆசிரியராக அமர்ந்து, பின்னர் ஆய்வாளராகிப் பேராசிரியராகி, 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகவும் வந்தார். பத்திரிகைக் காரியாலயத்திற்கும் விரிவுரை மண்டபத்திற்கும் இடையே மதிலில்லை என்பதற்கு நம்மிடையே இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அந்தப் பாதை புல் முளைத்துக் கிடக்கிறது. விரிவுரையாளர் ஆண்டில் ஒரு மாதமேனும் பத்திரிகையில் வந்து அமரட்டும். பத்திரிகை ஆசிரியர் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் விரிவுரை மண்டபம் செல்லட்டும்.

மற்றொன்று மொழி. இதைச் சொன்னால் எம் அன்பரிற் சிலர் முகம் சுளிப்பர் என்பதறிவோம். 1956 இற் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டபோது அதனைப் படிக்க மறுத்தவர்கள் நம் முன்னோர். மறுத்தது முற்றிலும் சரியே. திணிப்பை எதிர்ப்பது வேறு, அறிய மறுப்பது வேறு. தெற்கிலே ஒரு சிங்களப் பத்திரிகை நம்மைப் பற்றி என்ன எழுதுகிறது என்பதை அதே மொழியில் வாசித்து அதே மொழியில் மறுமொழி எழுதவல்ல தமிழ் நிருபர் எத்தனை பேர்? மன்னார் மாவட்டத்து இளங்கவிஞர் அஹ்னாப் ஜசீம் தமிழில் எழுதிய 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். நூலில் இருந்தது தீவிரவாதமன்று, அதற்கு எதிரான குரல் என்பதைத் தமிழ் தெரிந்தோர் அறிவர். எனினும் 2023 டிசம்பரிலேதான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அக்கவிதைகளைச் சிங்கள வாசகருக்கு முதல் வாரமே சரியாக எடுத்துரைக்கப் பல பேனாக்கள் இருந்திருப்பின், ஓர் இளைஞனின் ஆண்டுகள் அவ்வாறு அழிந்திரா என்று நாம் கருதுகிறோம். பல்கலைக்கழகங்கள் ஊடக மாணவருக்குச் சிங்களத்தைப் பெயருக்கன்றி, எழுதும் அளவிற்குக் கற்பிக்க வேண்டும். களனியில் தமிழும் அவ்வாறே.

இவ்வளவும் சொன்ன பின்னரும், அக்கமக்காரர் வாய்விட்டுக் கேளாத கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. மகளைப் பார்த்துவிட்டு எம்மைப் பார்த்த பார்வையில் அது இருந்தது. சட்டத்தரணியிடம் கேட்கத் தயங்கும் கேள்வி அது: 'பிள்ளை உயிரோடை திரும்பி வருமோ?'

அவருக்குப் பொய் சொல்ல நாம் ஆயத்தமாயில்லை. 1981 ஜூன் முதல் நாளையொட்டிய இரவில் நூலகம் எரிந்தபோது 'ஈழநாடு' அச்சகமும் எரிந்தது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற் கொல்லப்பட்டார். ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதத்தில் மட்டக்களப்பிலும், தராக்கி சிவராம் 2005 ஏப்ரிலிற் கொழும்பிலும் கொல்லப்பட்டனர். 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையிற் கொலையுண்ட ஐந்து மாணவரின் உடல்களைப் படம் பிடித்தவர் சுகிர்தராஜன். அவர்கள் குண்டு வெடித்து இறந்தனர் என்ற கூற்றை அப்படங்கள் பொய்யாக்கின. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அதே மாதம் 24 ஆம் நாள் அவரும் சுடப்பட்டார். மே மாதத்தில் 'உதயன்' காரியாலயத்துட் புகுந்த ஆயுதபாணிகள் ஊழியர் இருவரைக் கொன்றனர். 2007 ஆகஸ்ட் முதலாம் நாள் கொக்குவிலிற் சகாதேவன் நிலக்சன் என்ற இளைஞர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஊடகப் பயிற்சி நிலையத்தின் மாணவர். இவர்களைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. நம் இனத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியோரும் மாற்றுக் குரலை அடக்கினர் என்பதையும் இதே பந்தியில் எழுதிவைப்பது எம் கடமை. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். காணிப் பிரச்சினையையோ காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரின் போராட்டத்தையோ செய்தியாக்கும் நிருபரை விசாரணைக்கு அழைக்கும் கடிதம் இன்னமும் வருகிறது.

பயத்தைப் போக்கும் வார்த்தை எம்மிடம் இல்லை. சுகிர்தராஜனின் படங்களைப் பற்றி மட்டும் சொல்வோம். அவரைக் கொன்றவர்களால் அப்படங்களைக் கொல்ல இயலவில்லை. சான்று எது, அதை எவ்வாறு பதிவு செய்வது, எவ்வாறு பாதுகாத்து வைப்பது என்பதைக் கற்றவன் எடுத்தது என்றும் நிற்கிறது. 'பெருந்திரள்' என்று நாம் எழுதிய வரிகள் மறு வாரமே கடலை சுற்றப் போய்விட்டன.

ஊதியம் பற்றி நீட்டி எழுத வெட்கமாயிருக்கிறது. மாவட்ட நிருபருக்குச் செய்திக்கு இவ்வளவு, படத்திற்கு இவ்வளவு என்று கொடுத்து, எரிபொருட் செலவைக் கூட அவர் தலையிற் கட்டும் வழக்கம் தமிழ்ப் பத்திரிகை உலகில் உண்டு. எமது பத்திரிகையிலும் இருந்தது. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று மக்களை வளர்க்கும் நம் உத்தியோகப் பெருமக்கள் தம் பிள்ளையை இத்தொழிலுக்கு அனுப்பாதது இதனால்தான். அவர்களை நாம் குறை கூறோம். ஆனால் அவர்களே காலைத் தேநீருடன் 'தமிழ்ப் பத்திரிகையில் என்ன இருக்கிறது?' என்று இதழை மடித்து வைக்கும்போது, அந்தக் கேள்வியின் பாதி விடை தம் வீட்டிலேயே இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கமக்காரர் மறுபடியும் வரும்போது நாம் சொல்லவிருப்பது இதுவே: பிள்ளையைப் படிக்க விடுங்கள். ஊடகக் கற்கையுடன் பொருளியலோ புவியியலோ ஒன்றையும் சேர்த்துப் படிக்கட்டும். சிங்களத்தை விடாது படிக்கட்டும். விடுமுறையிற் சந்தைக்கு உங்களுடன் வந்து தரகரின் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கட்டும்.

எமது பங்காக, வரும் ஆண்டு முதல் ஊடகக் கற்கை மாணவர் இருவருக்கு இக்காரியாலயத்தில் மூன்று மாதப் பயிற்சி அளிக்க முடிவு செய்துள்ளோம். மாத வேதனமும் பயணச் செலவும் வழங்கப்படும். முதல் மாதம் முழுவதும் வர்த்தமானி வாசிப்பும், தகவல் உரிமை விண்ணப்பம் எழுதுவதும், நீதவான் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்து குறிப்பெடுப்பதுமே வேலை. கட்சிக் கூட்டங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட மாட்டார்கள். தாமாக வந்து பார்த்து, வந்தோரை எண்ணி எழுதினால், எண்ணியபடியே வெளியிடுவோம். விண்ணப்பிப்போர் தம் ஊரில் இவ்வாண்டு நடந்த ஒரு காணி, நீர் அல்லது சந்தை விடயத்தை 500 சொற்களில், இரு தரப்பாரையும் கண்டு எழுதி, ஆசிரியருக்குத் தபால் மூலம் அனுப்புக. சிங்களம் வாசிக்கத் தெரிந்தோர் அதனைக் கடிதத்திற் குறிப்பிடுக.